மயிலாத்தாளின் நடுப்பெட்டி

மயிலக்காவுக்கு வலது காது கேட்காது. குழந்தையில் சீழ் வைத்து, ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் ஊற்றிப் பார்த்து, பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் அந்தப் பக்கம் அடைத்துப்போய்விட்டது. இடது காது கேட்கும். மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங் மெஷின் பக்கத்திலேயே நின்று அதுவும் கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் கேட்கும். யாராவது செவிடி என்று சொன்னால் சும்மா விடமாட்டாள். "பாதிச் செவிடுங்க. மீதிப் பாதில நீங்க பேசறதெல்லாம் கேட்டுட்டுத்தானுங்க இருக்கறேன்" என்பாள். சொன்னவர் முகம் போகிற போக்கைப் பக்கத்தில் நின்று நான் ரசித்திருக்கிறேன்.

சிங்காநல்லூரில் மில்லுக்குப் பின்புறம் இருந்த லைன் வீடுகளில் அவள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு எங்களுடையது. ஒரே மில், ஒரே டிபார்ட்மெண்ட், பெரும்பாலும் ஒரே ஷிப்டு. மில்லுக்குள் அவளைப் போலச் சௌகரியமாக இருந்தவர்கள் யாருமில்லை. அங்கே மெஷின் சத்தத்தில் எல்லோருமே செவிடுதான். கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வோம். மயிலக்கா அதில் கெட்டிக்காரி. சூப்பர்வைசர் அந்தக் கோடியில் நின்று யாரைத் திட்டுகிறார், என்ன சொல்லித் திட்டுகிறார் என்பதை உதட்டைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போனால்தான் அவளுக்குக் காது கேட்காமல் போகும்.

ஏனென்றால் வீட்டில் அவளுக்குத் தெரிவது முதுகுகள் மட்டும். முன்னறை ஒன்று, அதை ஒட்டிச் சமையலறை. முன்னறையின் அந்தக் கோடியில் டிவி. டிவிக்கு எதிரே முதல் நாற்காலியில் பொங்கியண்ணன், அடுத்ததில் அவர் தம்பி, மயிலக்காவின் கணவர் ஈஸ்வரமூர்த்தி, கீழே பாயில் மகன் சரவணன். பொங்கியண்ணன் பக்கத்து வீட்டுக்காரர். கிணத்துக்கடவுப் பக்கம் இருக்கும் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்து தின்கிறவர். சொந்தமாக ஒரு டிவி வாங்கலாம். வாங்கமாட்டார். "தம்பி ஊட்ல இருக்கறப்ப எதுக்குங்க இன்னொண்ணு" என்பார். சாயங்காலமானால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

அவர்கள் வழக்கத்தில் கணவனின் அண்ணன் இருக்கும் இடத்தில் பெண் எதிரே போய் உட்காரக் கூடாது. அவரிடம் நேராகப் பேசவும் மாட்டார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கணவன் பக்கம் திரும்பி, "அவுங்ககிட்டச் சொல்லுங்க" என்று சொல்ல வேண்டும். அவரும் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார், கேட்டுக்கொண்டுதான் இருப்பார். ஆனாலும் செய்தி தம்பி வழியாகச் சுற்றித்தான் போகும். எங்கள் பக்கமும் இப்படிச் சில கூத்துகள் உண்டு என்பதால் நான் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டேன்.

ஆகவே மயிலக்காவின் இடம் சமையலறை வாசற்படி. அங்கே உட்கார்ந்தால் கேட்கிற இடது காது சமையலறைப் பக்கம். அதற்குள் பம்ப் ஸ்டவ் இரைச்சல், குழாயடிச் சண்டை எல்லாம் வந்து நிறைந்துவிடும். கேட்காத வலது காது டிவி பக்கம், மனிதர்கள் பக்கம். காதைத் திருப்பினால் படம் தெரியாது. படத்தைப் பார்த்தால் பேச்சு கேட்காது. எல்லோரும் சிரிப்பார்கள். இவள், "என்ன சொன்னான்?" என்று கேட்பாள்.

"அப்புறம் சொல்றேன்."

இது ஈஸ்வரமூர்த்தி அண்ணன் சொல்வது. மகனும் அதையேதான் சொல்வான். புதிதாக வந்த மருமகள் லோகப்பிரியாகூட, நல்ல பெண்தான், வந்த மாதத்திலேயே அதைப் பழகிக்கொண்டாள். "அப்புறம் சொல்றேனுங்க அத்தை." அந்த அப்புறம் வந்து நான் பார்த்ததில்லை.

சினிமா வசனம் போனால் போகட்டும். சரவணன் கல்யாணம் நிச்சயமானதும் அப்படித்தான். அந்தியூர்ப் பக்கமிருந்து லோகப்பிரியாவின் வீட்டார் வந்து அந்த முன்னறையில் உட்கார்ந்து பேசினார்கள். பொங்கியண்ணன் நடுவில் உட்கார்ந்து நாட்டாமை செய்தார். மயிலக்கா காபி கொண்டுபோய் வைத்துவிட்டு வாசற்படிக்குத் திரும்பிவிட்டாள். அவர்கள் போனதும், "என்ன பேசுனீங்க?" என்று கேட்டிருக்கிறாள். "அப்புறம் சொல்றேன்" என்று ஈஸ்வரமூர்த்தி அண்ணன் பொங்கியண்ணனை வழியனுப்பப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து மில்லில் நான்தான் கையைக் காட்டி, "தை மாசம் முகூர்த்தமாமா அக்கா?" என்று கேட்டேன். எனக்கு என் வீட்டுக்காரர் சொன்னார், அவருக்குப் பொங்கியண்ணன் சொன்னார். பெற்றவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் அறுந்த நூலை முடிந்துகொண்டே தெரிந்த மாதிரி தலையை ஆட்டினாள். தெரியாது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

இதெல்லாம் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டில். தொண்ணூற்றெட்டு தீபாவளிக்குப் போனஸ் போட்ட மறுநாள் எங்கள் டிபார்ட்மெண்ட் பெண்களெல்லாம் சேர்ந்து மேட்னிக்குப் போனோம். வருஷா வருஷம் போவதுதான். அந்த வருஷம் நாங்கள் போன தியேட்டரில் புதிதாகச் சவுண்டு மாற்றியிருந்தார்கள். நான்கு சுவரிலும் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர். மயிலக்காவுக்கு இடது சுவர் ஓரத்தில் கடைசி சீட்டு கிடைத்தது. படத்தில் மழை பிடித்தது. அவள் சட்டென்று சேலை முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்தவள் அப்புறம் படம் முடியும்வரை ஒரு தடவைகூட என்னிடம் "என்ன சொன்னான்?" என்று கேட்கவில்லை. அவ்வளவு சத்தத்தில் கேட்காமல் எப்படி இருக்கும்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கேட்டாள். "ஏன் சித்திகா, அந்தப் பொட்டி ஊட்டுக்கு வெக்கற மாதிரி சின்னதாக் கெடைக்குமா?"

கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். என் கொழுந்தன் ரசாக் காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள் கடை வைத்து அதைத்தான் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்போதெல்லாம் கம்பெனி செட் வாங்குகிறவர்கள் பங்களாக்காரர்கள். மற்றவர்களுக்கு ரசாக் மாதிரி ஆட்கள் ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஐந்து பெட்டியும் செய்து கொடுப்பார்கள். வி.சி.டி. போட்டால் ஐந்து பக்கமும் பேசும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலக்காவையும் கூட்டிக்கொண்டு காந்திபுரம் போனேன்.

சரவணனும் ஒட்டிக்கொண்டு வந்தான். லேத் பட்டறையில் வேலை, கையில் எப்போதும் ஏதாவது எலக்ட்ரானிக்ஸ் புத்தகம். கடைக்குள் நுழைந்ததுமே ரசாக்கைக் குடைய ஆரம்பித்துவிட்டான். "இது டிஜிட்டல் ஃபைவ் பாயிண்ட் ஒன் சப்போர்ட் பண்ணுங்களா?"

"அதுக்கு டிஸ்க்கே வேறங்க தம்பி. டி.வி.டி. அது வாங்கோணும்னா ஊட்ட விக்கோணும். இது புரோ லாஜிக்குங்க. ரெண்டு ஒயர்ல வர்ற சத்தத்த இது பிரிச்சு அஞ்சு பொட்டிக்கும் அனுப்பும்."

"அப்ப ஒரிஜினல் ஃபார்மட் இல்லீங்களா?"

மயிலக்கா நடுவில் புகுந்தாள். "கண்ணு, அது எந்த ஃபார்மட்ட வேணா சப்போர்ட் பண்ணட்டும். எம்பட காதுக்குச் சப்போர்ட் பண்ணுமான்னு கேளு."

ரசாக் சிரித்துவிட்டு, ஒரு முக்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்து, ஒரு டிஸ்கைப் போட்டுக் காட்டினான். கடை என்பது ஒரு குளியலறை அளவு. இடதுபக்கப் பெட்டி அவள் தோளை உரசிக்கொண்டிருந்தது. மழை வந்தது, ரயில் வந்தது, யாரோ பேசினார்கள், எல்லாம் கேட்டது. அவள் அந்த இடதுபக்கப் பெட்டியைக் கையால் தட்டி, "இத நான் உக்கார்ற எடத்துக்குப் பக்கத்துல வெச்சுக்கலாங்களா?" என்றாள்.

"தாராளமா வெச்சுக்கலாமுங்க அக்கா. பின்பக்கப் பொட்டி அங்கதான் வரோணும்."

அவ்வளவுதான் பேச்சு. எந்தப் பெட்டி என்ன பேசும் என்று அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்தச் சின்னக் கடையில் எல்லாப் பெட்டியும் எல்லாம் பேசுவது போலத்தான் இருந்தது.

போனஸில் வாங்கப் போகிறாள் என்று தெரிந்ததும் காம்பவுண்டே கூடிவிட்டது. போனஸ் என்றால் ஒரு மூக்குத்தி, ஒரு தோடு, இல்லையென்றால் பித்தளையில் ஒரு அண்டா. அதை விட்டுவிட்டு ஸ்பீக்கரா. பொங்கியண்ணன் வாசலில் நின்று, மயிலக்காவுக்குக் கேட்காது என்ற தைரியத்தில், "ஒத்தக் காதுக்கு அஞ்சு பொட்டியாமா" என்று சொல்லிச் சிரித்தார். நான் அதை ஒரு வார்த்தை விடாமல் போய் அவளிடம் சொன்னேன். அப்புறம் சொல்கிற பழக்கம் எனக்கில்லை.

அவள் ஈஸ்வரமூர்த்தி அண்ணனைக் கூப்பிட்டாள். "ஏனுங்க, மாமாகிட்டச் சொல்லுங்க. ரெண்டு காதும் நல்லா இருக்கறவங்களுக்கு எதுக்குப் பொட்டி. இல்லாதவளுக்குத்தான வேணும்."

அவர் அதைப் போய்ச் சொன்னாரா என்று தெரியாது. சொல்லியிருக்கமாட்டார். மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவர், வேலையில் கெட்டி, தன் அண்ணன் எதிரில் மட்டும் வாயில்லாப்பூச்சி.

அடுத்த ஞாயிறு ரசாக் சாமான்களோடு வந்து இறங்கினான். அவர்களுடைய டிவி பழசு, வெளியே சத்தம் எடுக்க அதில் வழியில்லை. அவன் அதன் முதுகைத் திறந்து உள்ளே இருந்த ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றி, ஆம்ப்ளிஃபயருக்கு இழுத்துவிட்டான். இனி டிவி தானாகப் பேசாது, பெட்டிகள் வழியாகத்தான் பேசும். முன்னால் இரண்டு பக்கமும் இரண்டு பெட்டி. டிவி தலைமேல் ஒன்று, நீளவாக்கில் படுத்த மாதிரி. பின்னால் இரண்டு, அதில் இடதுபக்கத்துப் பெட்டி சமையலறை வாசற்படிக்குப் பக்கத்தில். மயிலக்கா அந்தப் பெட்டியை ஈரத்துணியால் துடைத்து, பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் அவள் மகன் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கல்யாணத்தில் எப்படிப் பார்க்க முடியும்.

பொங்கியண்ணன் கேலி செய்தவர்தான், முதல் ஆளாக வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ரசாக் சாமான்களோடு கொண்டுவந்திருந்த வி.சி.டி. பிளேயரில் படம் ஆரம்பித்தது. இடி இடித்தது, அறையே குலுங்கியது. குழந்தைகள் கத்தின. மழை பின்னாலிருந்து வந்தது. மயிலக்கா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். அப்புறம் படத்தில் பேச ஆரம்பித்தார்கள். அவள் பக்கத்துப் பெட்டி வாயை மூடிக்கொண்டது.

கதாநாயகியின் அப்பா ஏதோ சொன்னார். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். மயிலக்கா குனிந்து பெட்டியில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. பேச்சு முடிந்து காற்றடித்தது. பெட்டியில் காற்று வந்தது. பின்னர் யாரோ சிரிப்பாகப் பேச, அறை முழுக்கச் சிரித்தது. பெட்டியில் வந்தது தூரத்தில் எங்கோ நாய் குரைக்கும் சத்தம்.

"என்ன சொன்னான்?" என்று லோகப்பிரியாவைக் கேட்டாள்.

"அப்புறம் சொல்றேனுங்க அத்தை."

பொங்கியண்ணன் பாதி திரும்பிப் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. "ஈசு, சரியாத்தான்டா பாகம் பிரிச்சிருக்குது. நமக்குப் பேச்சு, அந்தம்மாவுக்கு மழை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஈஸ்வரமூர்த்தி அண்ணனும் சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தச் சிரிப்பை மயிலக்கா பார்த்தாள். காது கேட்காவிட்டாலும் முதுகு குலுங்குவது தெரியாதா.

அவள் ரசாக்கைச் சைகை காட்டிக் கூப்பிட்டாள். அவன் டீ டம்ளரோடு வந்தான்.

"ஏனுங்க தம்பி, இது ஏன் பேச மாட்டீங்குது?"

"பின்பக்கப் பொட்டியில பேச்சு வராதுங்க அக்கா. மழை, காத்து, கைதட்டல், அது மட்டுந்தான் வரும். பேச்சு பூராவும் நடுப்பொட்டிக்குப் போயிரும். டிவி மேல இருக்குதில்லீங்க, அது."

"பூராவுமா?"

"பூராவுந்தானுங்க. கேபிள்ல சீரியல், செய்தி எதப் போட்டாலும் அது ஒத்தச் சத்தம். அதையெல்லாம் பிரிக்க முடியாது, எல்லாமே நடுப்பொட்டிலதான் வரும்."

மயிலக்கா எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். சமையலறை வாசற்படியிலிருந்து டிவி வரைக்கும் நாலு எட்டு வைத்தால் போய்விடலாம், ஆனால் கல்யாணமாகி வந்ததிலிருந்து பொங்கியண்ணன் உட்கார்ந்திருக்கும்போது காபி வைக்கத் தவிர அவள் அந்தப் பக்கம் போனதில்லை. அன்றைக்குப் போனாள். அவருக்கும் டிவிக்கும் நடுவில் போய் நின்று, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டிவி தலைமேல் இருந்த பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"அக்கா, ஒயருங்க, ஒயருங்க" என்று ரசாக் ஓடினான். அவள் நிற்கவில்லை. அவன் சுவரில் அடித்த கிளிப்பெல்லாம் ஒவ்வொன்றாகத் தெறித்தது. அவன் பையிலிருந்து இன்னொரு சுருள் ஒயரை எடுத்து நீட்டி முடிந்துவிட்டான். அவள் வாசற்படியில் இருந்த பெட்டியைத் தள்ளிவிட்டு, முக்காலிமேல் நடுப்பெட்டியை வைத்து, அதன் பக்கத்தில் இடது காது வருகிற மாதிரி உட்கார்ந்தாள்.

"என்ன அக்கிரமமப்பா இது" என்று பொங்கியண்ணன் எழுந்தார். "படம் அங்க, பேச்சு இங்கயா? வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் வந்தா பாக்கறதா, கேக்கறதா? ஃபார்மட்டே கெட்டுப்போகுமே. நீயே சொல்லு தம்பி, கெடுமா, கெடாதா?"

ரசாக் பொய் சொல்லமாட்டான். "கெடுந்தானுங்க" என்றான்.

மயிலக்கா கணவனைப் பார்த்தாள். "ஏனுங்க, மாமாகிட்டச் சொல்லுங்க. கண்ணாலமாகி வந்த நாள்ல இருந்து எனக்கு வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கந்தான் இருந்துச்சு. அப்ப யாரும் ஃபார்மட்டு கெட்டுப்போச்சுன்னு எந்திரிக்கல."

ஈஸ்வரமூர்த்தி அண்ணன் பொங்கியண்ணனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். சரவணன், "அம்மா, அப்ப டிவிக்குள்ள இருந்த ஸ்பீக்கரத் திருப்பி மாட்டிக்கலாம். ரெண்டு பக்கமும் கேக்கும், யாருக்கும் கஷ்டமில்ல" என்றான். ரசாக்கும், "அது அஞ்சு நிமிச வேலைங்க" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டான்.

நல்ல யோசனைதான். நானே ஒத்துக்கொண்டிருப்பேன். மயிலக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"வேண்டாம். மாட்டுனா அல்லாரும் மறுபடியும் அங்கயே உக்காந்துக்குவீங்க. இத்தன வருசம் நான் எட்டி எட்டிக் கேட்டேன். இனி கேக்கோணும்னு நெனைக்கறவங்க எட்டி வாங்க." அப்புறம் கணவன் பக்கம் திரும்பி, "மாமாவுக்கு டிவிகிட்டயே ஒரு பொட்டி வேணும்னா, அவரு போனஸ்ல வாங்கிக்கச் சொல்லுங்க" என்றாள்.

பொங்கியண்ணனுக்கு ஏது போனஸ். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

படம் தொடர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மயிலக்கா வாய்விட்டுச் சிரித்தாள். மற்றவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை, பாட்டும் மழையும் காதை அடைத்தன. ஈஸ்வரமூர்த்தி அண்ணன் திரும்பி, "என்ன சொன்னான் மயிலா?" என்றார்.

"இங்க வந்து உக்காருங்க, கேக்கும்."

அண்ணன் எழுந்துபோன பக்கத்து நாற்காலியும் காலிதானே. அவர் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வந்து வாசற்படிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மாமனார் வந்ததும் லோகப்பிரியா பாயை இழுத்துக்கொண்டு மயிலக்காவுக்கு அருகே வந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் டிவியை விட்டுத் தள்ளி, சமையலறை வாசலைச் சுற்றி உட்கார்ந்துதான் படம் பார்த்தார்கள். புதிதாக வருகிறவர்கள் இது என்ன கூத்து என்று விழிப்பார்கள். நான் விளக்கம் சொல்வேன்.

பொங்கியண்ணன் வரவில்லை. மார்கழி பூராவும் வரவில்லை. தெருவில் பார்த்தவரிடமெல்லாம், தம்பி பெண்டாட்டிக்கு மரியாதை தெரியவில்லை, மில்லுக்கு அனுப்பினால் இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஈஸ்வரமூர்த்தி அண்ணன் வாடிப்போனார். ஒருநாள் தயங்கித் தயங்கி, "பொட்டியத் திருப்பி வெச்சுறலாமா? அண்ணன் வருத்தப்படறாரு" என்றாராம். "நான் வருத்தப்பட்டப்ப எந்தப் பொட்டியத் திருப்பி வெச்சீங்க?" என்று கேட்டாளாம் மயிலக்கா. அவர் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மில்லுக்கு நடந்து போகும்போது இதை எனக்குச் சொன்னவள், "எனக்கும் பயந்தான் சித்திகா, ஆனா இதுல எறங்கி வந்தா அப்புறம் ஏற முடியாது" என்றாள். அவள் பயம் என்று சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தை மாதம் கிரிக்கெட் வந்தது. பொங்கியண்ணனுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். டீக்கடையில் நின்று பார்த்துப் பார்த்துக் கால் வலித்ததோ என்னவோ, ஒரு ஞாயிறு மத்தியானம் வந்து நின்றார். பழக்கத்தில் நேராக டிவிக்கு எதிரே போய் உட்கார்ந்தார். படம் ஓடியது, பேச்செல்லாம் பின்னால் எங்கோ. யார் அவுட், எப்படி அவுட் என்று அங்கே ஒன்றும் விளங்கவில்லை. ஒரு ஓவர் பொறுத்துப் பார்த்தார். இரண்டாவது ஓவரில் நாற்காலியைத் தூக்கினார். வாசற்படிப் பக்கம் கொண்டுவந்து தம்பிக்குப் பக்கத்தில் போட்டார். யாரையும் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டார்.

மயிலக்கா மணையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழவில்லை, நகரவில்லை. நானும் ஒரு கை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

விளம்பரம் வந்தது. பொங்கியண்ணன் தம்பி பக்கம் சாய்ந்தார். இவ்வளவு நாளும் அப்படித்தான், விளம்பரம் வந்தால் குடும்ப விஷயம் பேசுவார். அந்த வீட்டில் எல்லா முடிவும் விளம்பர நேரத்தில்தான் நடந்தது. மயிலக்காவின் எதிரில் வைத்தேதான் பேசுவார், அவள் இருப்பது சுவர் இருப்பது மாதிரி. அந்தப் பழக்கம் மாறவில்லை. மாறியது அவர் நாற்காலிதான். அவர் இப்போது அவளுடைய இடது பக்கத்தில் இருந்தார்.

"ஈசு, மில்லுல வி.ஆர்.எஸ். குடுக்கறாங்கல்ல, வேலைய உட்டுப் போனா மொத்தமாப் பணம். மயிலாத்தாள எழுதிக் குடுக்கச் சொல்லிப்போடு. நான் மேஸ்திரிகிட்டப் பேசிட்டேன். வர்ற பணத்துல தோப்புல போர் போட்டுக்கலாம். அந்தம்மாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம். கையெழுத்துப் போடறப்ப அப்புறம் சொல்லிக்கலாம்."

ஈஸ்வரமூர்த்தி அண்ணன் தலையை ஆட்டவா வேண்டாமா என்று தெரியாமல் பாதி ஆட்டினார்.

மயிலக்கா கத்தியைக் கீழே வைத்தாள். கணவன் பக்கம் திரும்பவில்லை. பொங்கியண்ணனின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் எழுதிக் குடுக்க மாட்டேனுங்க மாமா. மில்லுக்குப் போறத நிறுத்தவும் மாட்டேன்."

அந்த மனிதரிடம் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. அவளுக்கு நேராகப் பதில் சொல்லிப் பொங்கியண்ணனுக்குப் பழக்கமில்லை. பாவம், அவரும் அந்த வழக்கத்திலேயே வளர்ந்தவர்தானே. தம்பியின் தொடையைத் தட்டி, "ஏனாம்? கேளுடா" என்றார்.

"ஏன் மயிலா?" என்று கேட்டார் ஈஸ்வரமூர்த்தி அண்ணன். குரல் அவருக்கே கேட்டிருக்காது.

விளம்பரம் முடிந்து ஆட்டம் மறுபடி ஆரம்பித்திருந்தது. மயிலக்கா முக்காலியை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்புறம் சொல்றேனுங்க" என்றாள்.

மறுநாள் காலை முதல் ஷிப்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம்.